பல கணினிகளில் ஒரே அமைவுக் கோப்புகள்: சிம்லிங்க் முறை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் மேசைக்கணினி, வீட்டில் ஒரு மடிக்கணினி, மாத வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர் என்று மூன்று இடங்களில் வேலை செய்பவர்கள், ஓரிடத்தில் செய்துவைத்த வசதியை மற்ற இடத்தில் தேடி ஏமாறுவது வழக்கம். அமைவுக் கோப்புகளை ஒரே கிட் களஞ்சியத்தில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் நிரலின் கோப்புறையில்) வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு கணினியிலும் உரிய இடத்துக்குச் சிம்லிங்க் எனும் இணைப்பைக் கொடுக்கும் முறையைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

அமைவுக் கோப்புகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்? அவற்றின் பெயருக்கு முன்னால் ஏன் ஒரு புள்ளி இருக்கிறது?

நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லுக்கு ~/.பாஷ்ஆர்சி (~ என்ற டில்டே குறி பயனரின் ஹோம் கோப்புறையைக் குறிக்கும்), கிட் நிரலுக்கு ~/.கிட்கான்ஃபிக், விம் எடிட்டருக்கு ~/.விம்ஆர்சி என்று, ஒரு நிரல் நம் விருப்பப்படி நடந்துகொள்வதற்காகப் படித்துக்கொள்ளும் எழுத்துக் கோப்புகளையே சொல்கிறோம். புள்ளியில் தொடங்கும் பெயர்களை ‘எல்எஸ்’ கட்டளை சாதாரணமாகக் காட்டாது. யுனிக்ஸ் உருவான காலத்தில், நடப்புக் கோப்புறையைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் மேல் கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலில் காட்டாமலிருக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் குறுக்குவழி ஒன்று எழுதப்பட்டது என்றும், மறைகோப்பு என்ற வழக்கம் அதிலிருந்து தற்செயலாகப் பிறந்தது என்றும் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதினார். அந்தத் தற்செயலின் விளைவாகத்தான் இன்று நம் ஹோம் கோப்புறையில் கண்ணுக்குத் தெரியாத கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. இந்த நெரிசலைக் குறைக்கவே, அமைவுகளையெல்லாம் ~/.கான்ஃபிக் என்ற ஒரே கோப்புறைக்குள் வைக்கச் சொல்லும் எக்ஸ்டிஜி விதிமுறை 2003இல் வந்தது. புதிய நிரல்கள் பெரும்பாலும் அதைப் பின்பற்றுகின்றன, பழையவை பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே இரண்டு இடங்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்துக்கொண்டால் போதாதா?

முதல் நாளுக்குப் போதும். அதன்பின் ஒவ்வொரு நகலும் தன் போக்கில் மாறத் தொடங்கும். ஆறு மாதம் கழித்து எந்தக் கணினியில் உள்ளது சரியான வடிவம் என்று சொல்ல முடியாது, ஏனெனில் ஒவ்வொன்றிலும் மற்றதில் இல்லாத ஒரு நல்ல மாற்றம் இருக்கும். ஹோம் கோப்புறையையே ஒரு கிட் களஞ்சியமாக்கிவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிச் செய்தால் படங்கள், பதிவிறக்கங்கள், வேறு திட்டங்களின் களஞ்சியங்கள் யாவும் கிட்டின் பார்வைக்குள் வந்துவிடும், ‘கிட் க்ளீன்’ என்ற ஒரு கட்டளையைத் தவறான இடத்தில் தட்டினால் கணக்கில் சேராத கோப்புகள் பறிபோகக்கூடும். களஞ்சியம் தனியாக ஒரு கோப்புறையில் இருக்க, நிரல்கள் தேடும் இடத்தில் அதற்கான இணைப்பு மட்டும் இருப்பது பாதுகாப்பான ஏற்பாடு.

சிம்லிங்க் என்பது உண்மையில் என்ன? ஹார்டு லிங்க் கொடுத்தால் ஆகாதா?

குறியீட்டு இணைப்பு எனப்படும் சிம்லிங்க், இன்னொரு கோப்பின் பாதையை எழுத்துகளாகத் தன்னுள் வைத்திருக்கும் ஒரு சிறு கோப்பு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ‘இந்த வீட்டார் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டார்கள்’ என்று கதவில் ஒட்டிய சீட்டைப் போன்றது அது. சீட்டை நம்பிப் போகும் வேலையை இயங்குதளத்தின் மையமான கெர்னல் பார்த்துக்கொள்வதால், பாஷ் போன்ற நிரலுக்குத் தான் திறப்பது இணைப்பா அசல் கோப்பா என்று தெரிய வேண்டிய தேவையே இல்லை. யுனிக்ஸ் உலகில் இவ்வசதி 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி மூலம் பரவியது.

ஹார்டு லிங்க் வேறு வகை. அது ஒரே ஐநோடுக்கு, அதாவது வட்டில் கோப்பின் விவரத்தைத் தாங்கும் பதிவுக்கு, இரண்டாவது பெயர் சூட்டுகிறது. வேறு கோப்பு முறைமைக்கு அதைக் கொடுக்க முடியாது, கோப்புறைகளுக்கும் கொடுக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், ‘கிட் புல்’ செய்து மற்றக் கணினியின் மாற்றங்களைக் கொண்டுவரும்போது கிட் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதிய கோப்பை எழுதுவதால், ஹோம் கோப்புறையில் உள்ள பெயர் பழைய உள்ளடக்கத்தோடேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் என்பதுதான். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் மாற்றம் மட்டும் வந்து சேராது. ஆகவே இந்த வேலைக்கு ஹார்டு லிங்க் வேண்டாம்.

முதல் இணைப்பை எப்படி உருவாக்குவது?

ஹோம் கோப்புறையில் ‘டாட்ஃபைல்ஸ்’ என்ற களஞ்சியமும், அதற்குள் ‘பாஷ்’ என்ற கோப்புறையும் இருப்பதாகக் கொள்வோம். முதலில் ‘எம்வி’ கட்டளையால் ~/.பாஷ்ஆர்சி கோப்பை அந்தக் கோப்புறைக்குள் நகர்த்துங்கள். பிறகு ஹோம் கோப்புறையில் நின்றுகொண்டு ‘எல்என் -எஸ் டாட்ஃபைல்ஸ்/பாஷ்/.பாஷ்ஆர்சி .பாஷ்ஆர்சி’ என்று தட்டுங்கள். முதலில் அசல் கோப்பின் பாதை, அடுத்து இணைப்பின் பெயர் என்ற வரிசை முக்கியம். ‘எல்எஸ் -எல் .பாஷ்ஆர்சி’ என்று கேட்டால், வரியின் முதல் எழுத்தாக ‘எல்’ இருக்கும், பெயருக்குப் பின் ஓர் அம்புக்குறியும் அசல் பாதையும் வரும். அளவு என்ற இடத்தில் 21 என்று காணலாம். கோப்பு எத்தனை பக்கம் இருந்தாலும் அந்த எண் மாறாது, ஏனெனில் அது ஆங்கிலத்தில் அப்பாதையில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கை.

இங்கே பலர் இடறும் ஓர் இடம் இருக்கிறது. இணைப்பில் எழுதியிருக்கும் சார்புப் பாதை, நீங்கள் கட்டளையைத் தட்டிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை. இணைப்பு இருக்கும் கோப்புறையிலிருந்தே கணக்கிடப்படுகிறது. இது தெரியாமல் ~/டாட்ஃபைல்ஸ்/பாஷ் கோப்புறைக்குள் போய் நின்றுகொண்டு ‘எல்என் -எஸ் .பாஷ்ஆர்சி ~/.பாஷ்ஆர்சி’ என்று தட்டினால், கட்டளை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்துவிடும். ஆனால் உருவான இணைப்பு ஹோம் கோப்புறையில் இருந்துகொண்டு அதே கோப்புறையில் உள்ள .பாஷ்ஆர்சியை, அதாவது தன்னையே, சுட்டிக்கொண்டிருக்கும். அடுத்த டெர்மினலைத் திறக்கும்போது ‘சிம்லிங்க் அடுக்குகள் மிக அதிகம்’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரும், ஏனெனில் லினக்ஸ் கெர்னல் ஒரு பாதையில் 40 இணைப்புகள் வரைதான் பின்தொடரும். ஒரே ஓர் இணைப்பை உருவாக்கியவருக்கு இந்தச் செய்தி விளங்காமல் போவதில் வியப்பில்லை.

டில்டே குறியோடு முழுப் பாதையைக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் ஷெல் அதை முழுமையாக விரித்துக் கொடுத்துவிடும். ஆனால் பின்னொரு நாள் ஹோம் கோப்புறையின் பெயர் மாறினாலோ, காப்புநகலை வேறு பயனர் பெயரில் மீட்டெடுத்தாலோ அத்தகைய இணைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் உடையும். லினக்ஸில் உள்ள ‘எல்என்’ கட்டளைக்கு ‘-ஆர்’ என்ற தெரிவைச் சேர்த்தால் சரியான சார்புப் பாதையை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். மேக்கில் உள்ள ‘எல்என்’ கட்டளைக்கு அந்தத் தெரிவு கிடையாது.

புதிய கணினியில் ‘கோப்பு ஏற்கெனவே உள்ளது’ என்று மறுக்கிறதே?

பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் புதுப் பயனருக்கு ஒரு .பாஷ்ஆர்சியைத் தாமாகவே வைத்துவிடுகின்றன. அதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு இணைப்பைக் கொடுங்கள். ‘-எஃப்’ தெரிவு கேள்வி கேட்காமல் பழையதை அழித்துவிடும் என்பதால், அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே ஒரு கோப்புறையைச் சுட்டும் இணைப்பு அங்கே இருந்தால், ‘-எஸ்எஃப்’ அதை மாற்றாது. அந்தக் கோப்புறைக்கு உள்ளே போய் இன்னோர் இணைப்பை வைத்துவிட்டு வரும். அதைத் தடுக்க ‘-என்’ தெரிவும் வேண்டும்.

முப்பது நாற்பது கோப்புகளுக்கும் ஒவ்வொன்றாக இணைப்புக் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். குனூ ஸ்டோ என்ற சிறு நிரல் இதற்கு மிகப் பொருத்தமானது. பாப் கிளிக்ஸ்டீன் 1993இல் எழுதிய இந்தப் பெர்ல் நிரல், அமைவுக் கோப்புகளுக்காகப் பிறந்ததே அல்ல. கையால் கம்பைல் செய்த மென்பொருள்களைத் தனித்தனிக் கோப்புறையில் வைத்து, /யுஎஸ்ஆர்/லோக்கலுக்குள் இணைப்பாகக் காட்டுவதற்காகப் பிறந்தது. அதே வேலைதான் நமக்கும் தேவைப்படுகிறது.

களஞ்சியத்துக்குள் ‘பாஷ்’, ‘கிட்’, ‘விம்’ என்று நிரலுக்கு ஒரு கோப்புறை வையுங்கள். ஸ்டோ இவற்றைப் பொதிகள் என்று கருதும். ஒவ்வொரு பொதியின் உள்ளமைப்பும், ஹோம் கோப்புறையில் அந்தக் கோப்புகள் எப்படி அமைய வேண்டுமோ அப்படியே இருக்க வேண்டும். பிறகு களஞ்சியத்துக்குள் நின்று ‘ஸ்டோ பாஷ் கிட் விம்’ என்றால், மேல் கோப்புறையில், அதாவது ஹோம் கோப்புறையில், சார்புப் பாதையுடன் கூடிய இணைப்புகள் உருவாகிவிடும். சர்வரில் வரைகலை நிரல்களின் அமைவு தேவையில்லை என்றால், அங்கே அந்தப் பொதிகளின் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும். எதையும் செய்வதற்கு முன் ‘-என் -வி’ தெரிவுகளைச் சேர்த்து ஓட்டினால், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். ‘-டி’ இணைப்புகளை நீக்கும், பெரிய எழுத்து ‘ஆர்’ நீக்கிவிட்டு மறுபடி கொடுக்கும். இதில் ‘டி’யும் பெரிய எழுத்தே.

தான் உருவாக்காத கோப்பை ஸ்டோ அழிக்காது. முரண்பாடு இருப்பதாகச் சொல்லி எதையும் தொடாமல் நின்றுவிடும். இந்த நிதானம்தான், பலர் தாமே எழுதிக்கொள்ளும் நிறுவல் ஸ்கிரிப்டுகளைவிட அதை மேலானதாக ஆக்குகிறது. ‘அடாப்ட்’ என்ற தெரிவைக் கொடுத்தால் ஹோம் கோப்புறையில் இருக்கும் கோப்பைக் களஞ்சியத்துக்குள் இழுத்துக்கொண்டு இணைப்பைக் கொடுக்கும். அப்போது களஞ்சியத்தில் இருந்த வடிவத்தின் மேல் அது எழுதப்படும் என்பதால், எல்லாவற்றையும் கமிட் செய்துவிட்ட (களஞ்சியத்தின் வரலாற்றில் பதிந்துவிட்ட) பிறகே இதைச் செய்ய வேண்டும், செய்த பின் ‘கிட் டிஃப்’ பார்க்க வேண்டும்.

~/.கான்ஃபிக் கோப்புறை முழுவதையும் ஒரே இணைப்பாகக் கொடுத்துவிட்டால் வேலை எளிதாகிவிடுமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படிக்கச் சொல்வேன். கோப்புறையை இணைக்காதீர்கள், கோப்பை இணையுங்கள்.

காரணம் இது. ~/.கான்ஃபிக்கில் நீங்கள் கையால் எழுதிய கோப்புகளோடு, நிரல்கள் தம் வசதிக்காக எழுதிக்கொள்ளும் கோப்புகளும் கலந்திருக்கின்றன. குரோமியம் உலாவி தன் பயனர் விவரம் முழுவதையும், குக்கிகள் உட்பட, அங்கேதான் வைத்திருக்கிறது. அந்தக் கோப்புறையே களஞ்சியத்துக்கான இணைப்பாக இருந்தால், அவை எல்லாம் களஞ்சியத்துக்குள் போய்விழும். ஒரு நாள் அவசரத்தில் ‘கிட் ஆட்’ என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கமிட் செய்து வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘நான் அப்படிக் கொடுக்கவில்லை, ஸ்டோதான் கொடுத்தது’ என்று பலர் பின்னால் திகைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக ஸ்டோ மரத்தை மடிக்கும். இலக்கில் ஒரு கோப்புறை இல்லவே இல்லை என்றால், அதை உருவாக்கி உள்ளே கோப்புகளுக்கு இணைப்புக் கொடுப்பதற்குப் பதிலாக, கோப்புறையையே ஒரே இணைப்பாக வைத்துவிடும். புத்தம்புதிய சர்வரில் ~/.கான்ஃபிக் இன்னும் பிறந்திருக்காது. அங்கே முதல் பொதியை ஸ்டோ செய்தவுடன் ~/.கான்ஃபிக் முழுவதும் அந்தப் பொதிக்கான இணைப்பாகிவிடும். பழைய மடிக்கணினியில் அது ஏற்கெனவே இருந்ததால் இந்தப் பிரச்சினை அங்கே தலைகாட்டியிருக்காது.

இதன் விளைவு சில நேரம் வினோதமாக இருக்கும். லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் சேவைகளை உதாரணமாகப் பாருங்கள். ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளையால் ஒரு பயனர் சேவையை இயக்க நிலைக்குக் கொண்டுவரும்போது, அது ~/.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் என்ற கோப்புறைக்குள் தானும் ஒரு சிம்லிங்க் உருவாக்குகிறது. சேவை தானாகத் தொடங்க வேண்டும் என்பதற்கு அந்த இணைப்பே அடையாளம். கோப்புறை மடிக்கப்பட்டிருந்தால் அந்த அடையாளம் களஞ்சியத்தில் பதிவாகி, அடுத்த ‘கிட் புல்’ வழியாக மற்றக் கணினிகளுக்கும் போகும். மடிக்கணினியில் நீங்கள் இயக்கிவைத்த சேவை, யாரும் சொல்லாமலே சர்வரிலும் ஓடத் தொடங்கலாம்.

தீர்வு எளியது. களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் .ஸ்டோஆர்சி என்ற கோப்பை வைத்து, அதில் ‘--நோ-ஃபோல்டிங்’ என்ற ஒரே வரியை எழுதிவிடுங்கள். அதன்பின் களஞ்சியத்துள் நின்று ஓட்டும்போதெல்லாம் ஸ்டோ கோப்புறைகளை உண்மையான கோப்புறைகளாகவே உருவாக்கி, கோப்புகளுக்கு மட்டும் இணைப்புக் கொடுக்கும். பொதிக்குள் புதுக் கோப்பு சேர்க்கும்போதெல்லாம் மறுபடி ஸ்டோ ஓட்ட வேண்டும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. கொடுக்கத் தக்க விலைதான்.

இணைப்பு வைத்த இடத்தில் சில நாள் கழித்துப் பார்த்தால் சாதாரணக் கோப்பு இருக்கிறது. யார் மாற்றியது?

அந்த நிரலே மாற்றியிருக்கும். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் கோப்பு சிதையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, பல நிரல்கள் புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, பிறகு அதைப் பழைய பெயருக்கு மாற்றுகின்றன. பெயர்மாற்ற அழைப்பு சிம்லிங்கைப் பின்தொடராது. இணைப்பு இருந்த இடத்தில் புதிய கோப்பை உட்கார வைத்துவிடும். களஞ்சியத்தில் உள்ள அசல் பழையபடியே கிடக்கும். கோப்பில் உள்ள எழுத்துகளை மாற்றும் ‘செட் -ஐ’ கட்டளையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. குனூ செட் நிரலில் இதைத் தவிர்க்க ‘--ஃபாலோ-சிம்லிங்க்ஸ்’ என்ற தெரிவு இருக்கிறது. விம், ஈமேக்ஸ் ஆகியவை இயல்பான அமைவில் இணைப்பைக் காப்பாற்றுகின்றன. ‘கிட் கான்ஃபிக் --குளோபல்’ கட்டளையும் இணைப்பின் முனைவரை போய் அசல் கோப்பையே திருத்துகிறது.

ஆகவே ஒரு கோப்பைக் களஞ்சியத்தில் சேர்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘இதை நான் எழுதுகிறேனா, நிரல் எழுதுகிறதா?’ என்பதே. எச்டாப் தன் அமைவை வெளியேறும்போது திரும்ப எழுதும். ஃபிஷ் ஷெல் தன் உலகளாவிய மாறிகளை ‘ஃபிஷ்_வேரியபிள்ஸ்’ கோப்பில் தானே வைத்துக்கொள்ளும். இவற்றைச் சேர்த்தால், நீங்கள் எதுவும் செய்யாத நாளிலும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ ஏதோ மாறியதாகக் காட்டிக்கொண்டிருக்கும். விட்டுவிடுவதே நல்லது.

அலுவலகக் கணினியில் ஒரு மின்னஞ்சல், வீட்டில் வேறு. கோப்பு ஒன்றே என்றால் இதை எப்படிச் சமாளிப்பது?

பொதுவானது களஞ்சியத்தில், அந்தக் கணினிக்கு மட்டும் உரியது களஞ்சியத்துக்கு வெளியே ‘லோக்கல்’ என்ற ஒட்டுடன் ஒரு தனிக் கோப்பில் என்று பிரித்துவிடுங்கள். பொதுக் கோப்பு தனிக் கோப்பைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். .பாஷ்ஆர்சியின் கடைசியில், ~/.பாஷ்ஆர்சி.லோக்கல் இருந்தால் அதையும் படி என்று ஒரு நிபந்தனை வரி போதும். கிட் நிரலில் ‘இன்க்ளூட்’ பகுதி இருக்கிறது, சுட்டிய கோப்பு இல்லாவிட்டால் அது பிழை சொல்லாமல் கடந்துபோகும். ஒரே கணினியில் அலுவலகத் திட்டங்களுக்கு மட்டும் வேறு மின்னஞ்சல் வேண்டுமென்றால், 2017இல் வந்த 2.13 பதிப்பு முதல் கோப்புறைவாரியாக நிபந்தனை வைக்கும் ‘இன்க்ளூட்இஃப்’ கிடைக்கிறது. தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலான ஓபன்எஸ்எஸ்எச் 2016இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து ‘இன்க்ளூட்’ வசதியைத் தருகிறது.

அழைக்கும் வரியை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். கிட்டிலும் பாஷிலும் பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றும், ஆகவே அழைப்பு கோப்பின் கடைசியில் இருக்க வேண்டும். எஸ்எஸ்எச் அமைவில் இது தலைகீழ். ஒரு மதிப்பு முதலில் எங்கே கிடைக்கிறதோ அதுவே நிற்கும். அங்கே அழைப்பு முதல் வரியில் இருக்க வேண்டும். தவறிப்போய் ஒரு ‘ஹோஸ்ட்’ பகுதிக்குக் கீழே வைத்துவிட்டால், அந்தச் சர்வருக்குப் போகும்போது மட்டுமே அது செயல்படும்.

‘கிட் புல்’ செய்தவுடன் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடுமா?

கோப்பு உடனே மாறிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லோ, டெர்மினல் அமர்வுகளைக் காக்கும் டிமக்ஸோ அதை மறுபடி படிக்கச் சொன்னால்தான் படிக்கும்.

உடனே மாறிவிடுவதில் ஓர் அபாயமும் இருக்கிறது. இரண்டு கணினிகளில் ஒரே வரியைத் திருத்தியிருந்தால், இணைக்கும்போது கிட் தன் முரண்பாட்டுக் குறிகளைக் கோப்புக்குள்ளேயே எழுதும். நம் இணைப்புகள் அந்தக் கோப்புகளையே சுட்டுவதால், அரைகுறையான கோப்புதான் அப்போது நடைமுறையில் இருக்கும் அமைவு. முரண்பாடு .கிட்கான்ஃபிக்கில் வந்தால் நிலைமை இன்னும் சங்கடமானது: அந்தக் கோப்பைப் படிக்க முடியாமல் கிட் நிரலே ஓட மறுக்கும், முரண்பாட்டைத் தீர்க்கக் கிட் வேண்டும், கிட் ஓட முரண்பாடு தீர வேண்டும். இந்த வளையத்திலிருந்து வெளியே வர, எடிட்டரில் கோப்பைத் திறந்து குறிகளைக் கையால் நீக்க வேண்டும், அல்லது கிட் 2.32 முதல் உள்ள ‘கிட்_கான்ஃபிக்_குளோபல்’ என்ற (முழுவதும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டிய) சூழல் மாறிக்கு /டெவ்/நல் என்ற மதிப்பைக் கொடுத்து ஓட்ட வேண்டும். ‘--எஃப்எஃப்-ஒன்லி’ தெரிவோடு மட்டும் புல் செய்யும் பழக்கம் இருந்தால், முரண்பாடு கோப்புக்குள் எழுதப்படுவதற்கு முன்பே கிட் நின்றுவிடும்.

கடவுச்சொற்களும் சாவிகளும் இருக்கும் கோப்புகளை என்ன செய்வது?

களஞ்சியத்தில் வைக்கக் கூடாது, அது தனிப்பட்ட களஞ்சியமாக இருந்தாலும். எஸ்எஸ்எச் அமைவுக் கோப்பை வைக்கலாம். அருகில் இருக்கும் தனிச்சாவியை வைக்கக் கூடாது. .நெட்ஆர்சி, என்பிஎம் டோக்கன் இருக்கும் .என்பிஎம்ஆர்சி, அமேசான் கிளவுடின் ‘கிரெடென்ஷியல்ஸ்’ கோப்பு ஆகியவையும் அப்படியே. தவறி அனுப்பிவிட்டால், அடுத்த கமிட்டில் கோப்பை நீக்குவதால் பயனில்லை, பழைய கமிட்டில் அது இருந்துகொண்டேயிருக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதக் கருவிகள் உண்டு, ஆனால் அதற்குள் யார் நகலெடுத்தார்கள் என்று அறிய வழியில்லை. முதல் வேலையாக அந்தச் சாவியை ரத்துசெய்து புதியதை வாங்குங்கள், வரலாற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்எஸ்எச் ‘உரிமையாளர் அல்லது அனுமதி சரியில்லை’ என்று மறுக்கிறது. ஏன்?

கிட் ஒரு கோப்பின் அனுமதிகளில் இயக்க உரிமை உண்டா இல்லையா என்பதை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். நீங்கள் 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று வைத்திருந்தது, இன்னொரு கணினியில் 644 ஆகவோ (மற்றவரும் படிக்கலாம்) 664 ஆகவோ (குழுவினரும் எழுதலாம்) வந்து இறங்கும். எஸ்எஸ்எச் சோதிப்பது இணைப்பின் அனுமதியை அல்ல, அது சுட்டும் அசல் கோப்பின் அனுமதியை. ஆகவே களஞ்சியத்தில் உள்ள கோப்புக்கு ‘சிஎச்மாட் 600’ கொடுக்க வேண்டும், அதை நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு வரியாக எழுதிவைப்பது நல்லது.

விண்டோஸிலும் மேக்கிலும் இது நடக்குமா?

விண்டோஸில் சிம்லிங்க் விஸ்டா காலத்திலிருந்தே உண்டு, ஆனால் அதை உருவாக்க நிர்வாகி உரிமை வேண்டும். விண்டோஸ் 10இல் 2017இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு, டெவலப்பர் மோடை இயக்கியிருந்தால் சாதாரணப் பயனரும் உருவாக்கலாம். ‘எம்கேலிங்க்’ கட்டளையில் முதலில் இணைப்பின் பெயர், பிறகு அசல் என்று வரிசை லினக்ஸுக்கு நேர்மாறாக இருக்கும். அது பழைய கட்டளைச் சாளரத்துக்கு மட்டுமே உரியது, பவர்ஷெல்லில் ‘நியூ-ஐட்டம்’ பயன்படுத்த வேண்டும். களஞ்சியத்துக்குள்ளேயே சிம்லிங்க் இருந்தால், அனுமதி இல்லாத விண்டோஸில் கிட் அதைப் பாதை மட்டும் எழுதிய ஒரு சாதாரணக் கோப்பாக இறக்கிவைக்கும். வரிமுடிவுகளையும் கவனியுங்கள். விண்டோஸ் வரிமுடிவோடு சேமித்த .பாஷ்ஆர்சியை லினக்ஸ் பாஷ் படிக்கத் திணறும். .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் வரிமுடிவை எல்எஃப் (லினக்ஸின் வரிமுடிவு) என்று நிர்ணயித்துவிட்டால் இது தீரும்.

மேக்கில் எழுத்துக் கோப்புகளுக்கு எல்லாம் லினக்ஸ் போலத்தான். பிலிஸ்ட் வகை விருப்பக் கோப்புகளை மட்டும் இணைக்க முயல வேண்டாம். அவற்றை ஒரு பின்னணிச் சேவை தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு தன் விருப்பப்படி மாற்றி எழுதும். ‘டிஃபால்ட்ஸ்’ கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி ஓட்டுவதே அங்கே வழி.

கிட் வேண்டாம், டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுச் சேவை போதாதா?

அசல் கோப்புகள் ஒத்திசைக்கப்படும் கோப்புறைக்குள்ளும், இணைப்புகள் வெளியேயும் இருந்தால் நடக்கும். மாற்றிவைத்தால் நடக்காது. டிராப்பாக்ஸ் தன் கோப்புறைக்கு வெளியே சுட்டும் இணைப்புகளின் உள்ளடக்கத்தை எடுத்துச் செல்வதில்லை, சிங்க்திங்கும் இணைப்புகளைப் பின்தொடர்வதில்லை. எந்த மாற்றத்தை எதற்காகச் செய்தோம் என்ற குறிப்பு இதில் கிடைக்காது என்பதால், எனக்கு இம்முறையில் நாட்டமில்லை.

/இடிசி கோப்புறையில் உள்ள அமைவுகளையும் இப்படியே இணைக்கலாமா?

கூடாது. ரூட் எனும் முழு அதிகாரக் கணக்கு படித்து நம்பும் ஒரு கோப்பு, சாதாரணப் பயனர் திருத்தக்கூடிய ஹோம் கோப்புறையில் இருந்தால், அந்தப் பயனர் கணக்கைக் கைப்பற்றியவர் ரூட்டையும் கைப்பற்றிவிடலாம். ஹோம் கோப்புறையைப் பார்க்க முடியாதபடி தனிமைப்படுத்தி ஓட்டப்படும் சேவைகளுக்கு அந்த இணைப்பு உடைந்ததாகவும் தோன்றும். கணினி அளவிலான அமைவுகளுக்கு அன்சிபிள் என்ற தானியக்கக் கருவி கொண்டு நகலெடுப்பதும், /இடிசியின் மாற்றங்களைப் பதிவுசெய்ய இடிசிகீப்பர் என்ற நிரலை வைத்துக்கொள்வதும் சரியான முறை.

அமைவுக் கோப்புகளை நிர்வகிக்கவே செஸ்மாய், யாடிஎம் போன்ற கருவிகள் இருக்கும்போது சிம்லிங்க் எதற்கு?

செஸ்மாய் இயல்பாக இணைப்புகளைப் பயன்படுத்துவதில்லை. வார்ப்புருவிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் ஏற்ற கோப்பை உருவாக்கி உரிய இடத்தில் எழுதுகிறது, கடவுச்சொல் மேலாளரிலிருந்து ரகசியங்களையும் எடுத்துக்கொள்கிறது. கணினிக்குக் கணினி பாதிக் கோப்பு மாறுகிறது என்றால் அது நல்ல தேர்வு. ஆனால் ஹோம் கோப்புறையில் நேரடியாகத் திருத்திய மாற்றம் தானாகக் களஞ்சியத்துக்குப் போகாது. அதை நினைவாகச் சேர்க்க வேண்டும். யாடிஎம் கிட் மீது கட்டப்பட்டது, கிட் தெரிந்தவருக்கு உடனே பிடிபடும். நிக்ஸ் உலகத்தின் ஹோம் மேனேஜர் சிம்லிங்க்தான் கொடுக்கிறது, ஆனால் திருத்த முடியாத நிக்ஸ் கிடங்குக் கோப்புகளுக்கு. பத்திருபது எழுத்துக் கோப்புகளும் மூன்று நான்கு கணினிகளும் உள்ளவருக்கு, ஸ்டோவும் கிட்டும் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. நாளை அக்கருவிகள் இல்லாமல் போனாலும் கையில் இருப்பவை சாதாரணக் கோப்புகளும் சாதாரண இணைப்புகளும்தான்.

உடைந்த இணைப்புகளைக் கண்டுபிடிப்பது எப்படி? இணைப்பை நீக்கினால் அசல் கோப்பும் போய்விடுமா?

களஞ்சியத்தில் ஒரு கோப்பின் பெயரை மாற்றினால், அதைச் சுட்டிய இணைப்பு அந்தரத்தில் நிற்கும். லினக்ஸில் ‘ஃபைண்ட் ~ -மேக்ஸ்டெப்த் 3 -எக்ஸ்டைப் எல்’ என்று தட்டினால் அப்படிப்பட்டவை மட்டும் பட்டியலாக வரும். மேக்கில் ‘ஃபைண்ட்’ கட்டளைக்கு அடுத்துப் பெரிய எழுத்தில் ‘-எல்’ கொடுத்து, ‘-டைப் எல்’ என்று கேட்க வேண்டும். பெயரை மாற்றுவதற்கு முன்பே பெரிய எழுத்து ‘-டி’ கொடுத்து ஸ்டோவை ஓட்டி, மாற்றிய பின் மறுபடி ஸ்டோ செய்தால் இத்தேடலே தேவைப்படாது.

‘ஆர்எம்’ கட்டளை இணைப்பை மட்டுமே நீக்கும், அசல் அப்படியே இருக்கும். கோப்புறையைச் சுட்டும் இணைப்பை நீக்கும்போது மட்டும் பெயரின் இறுதியில் சாய்கோடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாவல் விசையால் பெயரை நிறைவு செய்தால் ஷெல் சில வேளை அந்தச் சாய்கோட்டைத் தானே சேர்த்துவிடும். சாய்கோட்டோடு எழுதிய பாதை இணைப்பைக் குறிக்காமல் அது சுட்டும் கோப்புறையைக் குறிக்கும், அதற்குப் பின் நட்சத்திரக் குறியும் சேர்ந்தால் அழிவது களஞ்சியத்தில் உள்ள அசல் கோப்புகள். அப்படி ஒன்று நடந்துவிட்டால், கமிட் செய்தவரை உள்ளவற்றை ‘கிட் ரீஸ்டோர்’ மீட்டுத்தரும். கமிட் செய்யாத திருத்தங்கள் திரும்பி வாரா.